கடையின் சுவிட்சுக்குள்ளும் ஒரு பேரேடு இருக்கிறது

ஒரு காலத்தில் கடையொன்றைத் திறப்பதற்கு ஒரு மேசையும் ஒரு லாச்சியும் ஒரு பற்றுப் புத்தகமும் போதுமாக இருந்தன. இன்று நடுத்தர அளவிலான புடவைக் கடையிலும், பார்மசியிலும், ஹார்ட்வெயார் கடையிலும் கூட பில் போடுவது கணனியில்தான். காசாளர் மேசையில் ஒரு கணனி, களஞ்சியத்தில் ஒன்று, மேல் மாடியில் கணக்குப் பிள்ளைக்கு ஒன்று, கடனட்டை இயந்திரம், எட்டுப் பத்து கமராக்கள், வாடிக்கையாளருக்கு வைபை என்று வயர்கள் கூடிக்கொண்டே போகின்றன. இந்த வயர்கள் எல்லாம் கடைசியில் போய்ச் சேரும் பெட்டிதான் சுவிட்ச். பாடப் புத்தகங்களில் இதற்கு 'வலையமைப்பு ஆளி' என்று பெயர். கடையில் எல்லோரும் சுவிட்ச் என்றே சொல்வதால் நாமும் அவ்வாறே அழைப்போம்.

பில் மென்பொருளில் உள்ள கணக்குகளைத் தினமும் பிரதி எடுத்து வைக்கும் முதலாளிமார் இப்போது பலர் இருக்கின்றனர். இது வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால் அவர்களிடம், "உங்கள் சுவிட்சின் கோப்புக்குப் பிரதி இருக்கிறதா?" என்று கேட்டால், "சுவிட்சுக்குள் கோப்பா? அது வயர் குத்துகிற பெட்டிதானே?" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். அந்தப் பதிலின் விலை என்னவென்பது, பெருநாள் வியாபாரம் சூடு பிடித்திருக்கும் ஒரு காலைப் பொழுதில் பில் போட முடியாமல் நிற்கும்போதுதான் தெரிய வரும்.

உங்களிடம் இருப்பது எந்த வகை?

முதலில் இதைத் தெரிந்து கொள்ளுங்கள். ஐந்து அல்லது எட்டு வயர் குத்தக்கூடிய, விலை குறைந்த சாதாரண சுவிட்சுகளுக்குள் நாம் எழுதி வைக்கும் ஒழுங்கு எதுவும் கிடையாது. வயரைக் குத்தினால் வேலை செய்யும், பழுதானால் இன்னொன்றை வாங்கி மாட்டலாம். அப்படியானதை மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடம் இன்றைக்குத் தேவையில்லை. எனினும் கடை வளரும்போது தேவைப்படும் என்பதால் வாசித்து வைப்பது நல்லது.

மற்ற வகை, நிர்வகிக்கக்கூடிய சுவிட்ச். சிஸ்கோ, அருபா, ஹுவாவி, மைக்ரோடிக் போன்றவையும் டி.பி.லிங்கின் உயர் ரகங்களும் இதில் அடங்கும். இந்தப் பெட்டியை ஒரே கடைக்குள் பல தனி அறைகளாகப் பிரிக்கலாம். பில் போடும் கணனிகள் ஓர் அறையில், கமராக்கள் வேறோர் அறையில், வாடிக்கையாளரின் வைபை இன்னோர் அறையில். இந்த அறைகளைத் தொழில்நுட்பவியலாளர்கள் 'வீலேன்' என்பார்கள். உங்கள் கடைக்கு வரும் யாரோ ஒருவரின் கைத்தொலைபேசி உங்கள் பில் கணனியை எட்டிப் பார்க்காமல் தடுக்கும் சுவர் இதுதான். எந்த வயர் எந்த அறைக்கு உரியது, கடவுச்சொல் என்ன, பெட்டியின் முகவரி என்ன என்பதெல்லாம் வசன வடிவில் எழுதப்பட்ட ஒரு சிறிய கோப்பாகப் பெட்டிக்குள் இருக்கிறது. சாதாரண கடையொன்றின் கோப்பை அச்சடித்தால் சில பக்கங்கள்தான் வரும். ஒரு புகைப்படத்தின் அளவு கூட இல்லாத இந்தக் கோப்பில்தான் கடையின் முழு வலையமைப்பும் தங்கியிருக்கிறது.

சிட்டையும் பேரேடும்

சிஸ்கோ சுவிட்சை உதாரணமாகக் கொள்வோம். அதன் கட்டளை முறையைப் பல நிறுவனங்கள் பின்பற்றுவதால், அதைப் புரிந்து கொண்டால் மற்றவற்றையும் இலகுவாகப் புரிந்து கொள்ளலாம்.

இந்தப் பெட்டியில் ஒழுங்குக் கோப்பு ஒன்றல்ல, இரண்டு. ஒன்று 'ரன்னிங் கொன்பிக்', அதாவது இந்த நிமிடத்தில் நடைமுறையில் உள்ள ஒழுங்கு. மற்றையது 'ஸ்டார்ட்அப் கொன்பிக்', அதாவது பெட்டிக்கு மின்சாரம் வரும்போது வாசித்து எழும்பும் ஒழுங்கு. கடைக்காரருக்கு இதை விளக்க நீண்ட தொழில்நுட்பம் தேவையில்லை. முதலாவது சிட்டை, இரண்டாவது பேரேடு. வியாபாரம் நடக்கும்போது சிட்டையில் கிறுக்குகிறோம். மாலையில் அதைப் பேரேட்டில் பதியாவிட்டால், சிட்டை தொலைந்ததோடு கணக்கும் தொலைந்தது.

சுவிட்சில் சிட்டை இருப்பது மின்சாரம் இருக்கும் வரை மட்டும் உயிரோடிருக்கும் நினைவகத்தில். பேரேடு இருப்பது மின்சாரம் போனாலும் அழியாத 'பிளாஷ்' நினைவகத்தில். தொழில்நுட்பவியலாளர் வந்து ஒரு மாற்றத்தைச் செய்தவுடன் அது சிட்டையில் பதிந்து உடனே வேலை செய்யத் தொடங்கி விடும். அவரும் "சரி முதலாளி, வேலை முடிந்தது" என்று கூலியை வாங்கிக் கொண்டு போய்விடுவார். பேரேட்டில் பதிந்தாரா என்பதை யாரும் கேட்பதில்லை. பதியாவிட்டாலும் அன்று எந்த வித்தியாசமும் தெரியாது. அடுத்த நாளும் தெரியாது. மூன்று மாதம் மின்சாரம் போகாமல் இருந்தால் மூன்று மாதமும் தெரியாது.

புறக்கோட்டை கெய்சர் வீதியில் மூன்று மாடிப் புடவைக் கடையொன்றைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு முன்னர் புதிதாக ஒரு காசாளர் மேசையும் நான்கு கமராக்களும் சேர்த்தார்கள். நேற்றிரவு மின்சாரம் போனது. யூ.பி.எஸ். பெட்டியின் பெட்டரி பழையது, கால் மணித்தியாலம் கூடத் தாங்கவில்லை. காலையில் கடையைத் திறந்தால் பழைய மேசையில் பில் வருகிறது, புதிய மேசையில் வரவில்லை. புதிய கமராக்கள் இருட்டாக இருக்கின்றன. முதலாளி தொலைபேசியில் கேட்கிறார்:

"தம்பி, நேத்து வரைக்கும் நல்லாத்தானே வேல செஞ்சது? யாரும் கை வைக்கவே இல்லையே."

"கரண்ட் போயிருக்கு ஹாஜியார், அதான். பெட்டி பழைய ஒழுங்குக்குப் போயிருக்கும். நான் வந்துதான் பார்க்கணும். இப்ப காலியில நிக்கிறன், பின்னேரந்தான் வரலாம்."

அந்தப் பையன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் மின்சாரத்தின் மீது பழியைப் போட்டு முக்கியமானதை விட்டு விட்டான். மூன்று மாதத்துக்கு முன்னர் ஒரேயொரு வரியைத் தட்டச்சுச் செய்திருந்தால் மின்சாரம் நூறு தடவை போனாலும் இது நடந்திருக்காது.

நமது நாட்டில் இதைத் தூரத்து ஆபத்தாகக் கருத முடியாது. 2020 ஆகஸ்ட் 17 ஆம் திகதியும், 2025 பெப்ரவரி 9 ஆம் திகதியும் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலில் இருந்தது. அவ்வளவு நேரத்துக்குத் தாக்குப் பிடிக்கும் யூ.பி.எஸ். எந்தச் சிறிய கடையில் இருக்கிறது? யூ.பி.எஸ். அவசியம்தான், ஆனால் பேரேட்டில் பதிவதற்கு அது மாற்றீடு அல்ல.

அந்த ஒரு வரி

கட்டளைகளை ஆங்கிலத்திலேயே தட்டச்சுச் செய்ய வேண்டும். இங்கே அவற்றை ஓசைப்படி தருகிறோம். வாசகர்கள் தாமே தட்டச்சுச் செய்ய வேண்டுமென்பது இந்தப் பாடத்தின் எண்ணமல்ல. தொழில்நுட்பவியலாளருக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, அவர் செய்கிறாரா என்று பார்க்கத் தெரிந்தால் போதும்.

சிட்டையைப் பேரேட்டில் பதிய: 'கொப்பி ரன்னிங்-கொன்பிக் ஸ்டார்ட்அப்-கொன்பிக்'. பழைய கைகள் இதையே 'ரைட் மெமரி' என்று சுருக்கமாக எழுதுவார்கள். இரண்டும் ஒன்றே. பெயரைக் கேட்டுக் கோப்பு உறுதி செய்யப்படும், சில செக்கன்களில் 'ஓகே' என்று வரும். அவ்வளவுதான்.

டி.பி.லிங் போன்றவற்றில் இணைய உலாவியின் பக்கத்திலேயே மாற்றங்களைச் செய்வார்கள். அங்கும் இதே பொறி உண்டு. ஒவ்வொரு பக்கத்திலும் 'அப்ளை' என்ற பொத்தானை அழுத்தினால் சிட்டையில் மட்டுமே பதியும். மேலே தனியாக உள்ள 'சேவ்' என்பதை அழுத்தினால்தான் பேரேட்டுக்குப் போகும். ஹுவாவியில் 'சேவ்' என்ற கட்டளை. மைக்ரோடிக்கில் மாத்திரம் மாற்றங்கள் உடனுக்குடன் நிரந்தரமாகி விடும். அதிலும் வேறொரு விடயம் இருக்கிறது, பின்னர் பார்ப்போம்.

சிட்டையும் பேரேடும் வெவ்வேறாக இருப்பதை ஒரு குறைபாடாக எண்ணிவிடக் கூடாது. அது ஒரு பாதுகாப்பும் கூட. தூரத்திலிருந்து ஒரு மாற்றத்தைச் செய்யும் அனுபவசாலி முதலில் 'ரீலோட் இன் 10' என்று எழுதுவார். பத்து நிமிடத்தில் பெட்டி தானாக மீள எழும்ப வேண்டும் என்று அர்த்தம். மாற்றம் பிழைத்துத் தொடர்பு அறுந்து போனாலும், பத்து நிமிடத்தில் பெட்டி பேரேட்டை வாசித்துப் பழைய ஒழுங்கோடு எழும்பி விடும். மாற்றம் சரியாக இருந்தால் 'ரீலோட் கென்சல்' என்று நிறுத்தி விட்டுப் பேரேட்டில் பதிவார். இதைத் தெரிந்து வைத்திருக்கும் ஆளைக் கண்டால் விட்டு விடாதீர்கள்.

பேரேட்டின் பிரதி கடைக்கு வெளியே

பெட்டிக்குள் பேரேடு பத்திரமாக இருக்கிறது, சரி. பெட்டியே எரிந்து போனால்? இடி விழுந்தால்? வெள்ளம் வந்தால்? புதிய சுவிட்ச் ஒன்றைப் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஒரு மணித்தியாலத்தில் வாங்கி விடலாம். ஆனால் எந்த வயர் எந்த அறைக்கு என்ற ஒழுங்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. கோப்பின் பிரதி கையில் இருந்தால் அரை மணித்தியால வேலை. இல்லாவிட்டால் ஒவ்வொரு வயராகப் பிடித்துக் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று மாடிக் கடையில் அது ஒரு நாள் வேலை, வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்கும்போது இரண்டு நாள்.

பிரதி எடுப்பதற்குப் பரவலாகப் பயன்படும் வழி 'டி.எப்.டி.பி.' என்ற மிக எளிய கோப்புப் பரிமாற்ற முறை. 1981 இல் வரையறுக்கப்பட்டு 1992 இல் திருத்தப்பட்டது. வயதானாலும் இன்னும் உழைக்கிறது. லெப்டொப்பில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு சிறிய டி.எப்.டி.பி. செய்நிரலைத் திறந்து வைத்து, லெப்டொப்பைச் சுவிட்சில் குத்தி, சுவிட்சில் 'கொப்பி ரன்னிங்-கொன்பிக் டி.எப்.டி.பி.' என்று எழுத வேண்டும். லெப்டொப்பின் முகவரியைக் கேட்கும், பின்னர் கோப்புக்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்கும். பெயரில் கடையின் பெயரும் திகதியும் இருக்கட்டும். 'பெக்கப்', 'நியூ', 'நியூ2' என்று பெயர் வைத்த கோப்புகளில் எது கடைசி என்று ஆறு மாதத்துக்குப் பின்னர் யாராலும் சொல்ல முடியாது.

கோப்பு போகும்போது திரையில் ஆச்சரியக்குறிகள் விழும். அது நல்ல அடையாளம். புள்ளிகள் விழுந்தால் மறுபக்கம் பதில் தரவில்லை என்று அர்த்தம். பெரும்பாலான சந்தர்ப்பங்களில் காரணம், லெப்டொப்பின் விண்டோஸ் பாதுகாப்புச் சுவர் 69 ஆம் இலக்க வாசலை மூடி வைத்திருப்பதுதான். வேலை முடிந்ததும் எத்தனை பைட் போனது என்று கணக்கும் வரும். அதோடு எழும்பிவிடாமல், லெப்டொப்பில் அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் சுவிட்சின் பெயர் மேலே தெரிய வேண்டும், கடைசி வரியில் 'எண்ட்' என்று இருக்க வேண்டும். இடையில் அறுந்த கோப்பு, பிரதி இல்லாததை விட மோசமானது. ஏனெனில் அது இருக்கிறது என்ற நம்பிக்கையில் நாம் தூங்கி விடுகிறோம்.

டி.எப்.டி.பி. முறையில் கடவுச்சொல்லும் இல்லை, மறைப்பும் இல்லை. கடைக்குள் ஒரு வயரில் நேரடியாகக் குத்திச் செய்வதற்கு அது போதும். இணையத்தின் ஊடாகச் செய்வதாயின் 'எஸ்.சி.பி.' முறையையே கேட்டு வாங்குங்கள். யூ.எஸ்.பி. துவாரம் உள்ள சுவிட்சுகளில் பென் டிரைவிலேயே பிரதி எடுக்கலாம்.

ஒவ்வொரு முறையும் ஞாபகம் வைத்திருக்க முடியாது என்பவர்களுக்கு 'ஆர்க்கைவ்' என்றொரு வசதி இருக்கிறது. எங்கே அனுப்ப வேண்டும் என்று ஒரு தடவை எழுதி வைத்தால், பேரேட்டில் பதியும் ஒவ்வொரு தடவையும் ஒரு பிரதி தானாக அங்கே போய்விடும். கடையில் எப்போதும் ஓடிக் கொண்டிருக்கும் கணனி ஒன்று இருந்தால் இதைச் செய்து வைக்கலாம்.

பலர் விடும் கோப்பு

இங்கே ஒரு முக்கிய விடயம். சிஸ்கோ கட்டலிஸ்ட் 2960 போன்ற சுவிட்சில் 'டிர் பிளாஷ்' என்று எழுதினால் உள்ளே என்ன கோப்புகள் இருக்கின்றன என்று பட்டியல் வரும். அதில் 'கொன்பிக்.டெக்ஸ்ட்' என்பது பேரேடு. பெரிய அளவில் இருப்பது பெட்டியை இயக்கும் 'ஐ.ஓ.எஸ்.' மென்பொருள். இவற்றோடு 'வீலேன்.டட்' என்று ஒரு சிறிய கோப்பும் இருக்கும்.

நாம் முன்னர் சொன்ன அறைகளின் பட்டியல் இருப்பது இந்தக் கோப்பில். எந்த வயர் எந்த அறைக்கு என்பது பேரேட்டில் இருக்கும், ஆனால் அந்த அறை இருக்கிறதா என்பது வீலேன்.டட் கோப்பில் இருக்கும். தொழிற்சாலையிலிருந்து வந்த ஒழுங்கில் மாற்றம் செய்யாத சுவிட்சுகளில் நிலைமை இதுதான். பேரேட்டை மட்டும் பிரதி எடுத்துப் புதிய சுவிட்சில் போட்டு விட்டு, "எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, ஏன் கமரா வரவில்லை?" என்று மண்டையைப் பிய்த்துக் கொள்பவர்கள் இதைத்தான் விட்டிருப்பார்கள். 'கொப்பி பிளாஷ்:வீலேன்.டட் டி.எப்.டி.பி.' என்று அதையும் சேர்த்து எடுக்க வேண்டும். அல்லது சுவிட்சை 'வி.டி.பி. டிரான்ஸ்பேரன்ட்' நிலையில் வைத்தால் அறைகளின் பட்டியலும் பேரேட்டுக்குள்ளேயே எழுதப்படும். ஓரிரு சுவிட்ச் மட்டும் உள்ள கடைக்கு இந்த இரண்டாவது வழியே சிறந்தது என்பது எமது கருத்து.

மைக்ரோடிக் பற்றிச் சொல்வதாகக் கூறினோம். அதில் 'பெக்கப்' என்பது அதே பெட்டிக்குத் திருப்பிப் போடுவதற்கான மூடிய கோப்பு. 'எக்ஸ்போர்ட்' என்பது வாசிக்கக்கூடிய எழுத்துக் கோப்பு. பெட்டி மாறினால் கை கொடுப்பது இரண்டாவதுதான். ஆகவே இரண்டையும் எடுத்து வையுங்கள்.

திருப்பிப் போடும்போது

பிரதி எடுப்பதை விடத் திருப்பிப் போடுவதில்தான் பிழைகள் அதிகம் நடக்கின்றன.

பிரதியைச் சிட்டைக்குள், அதாவது ரன்னிங் கொன்பிக்குள் கொப்பி செய்தால் அது பழையதை அழித்து விட்டு உட்காருவதில்லை. ஏற்கனவே இருப்பதோடு கலந்து விடும். பிழையான வரி ஒன்று ஏற்கனவே அங்கே இருந்து, அதற்கு மாற்றான வரி பிரதியில் இல்லாவிட்டால் அந்தப் பிழை அப்படியே இருக்கும். முழுவதையும் மாற்ற 'கொன்பிகர் ரிப்ளேஸ்' என்ற கட்டளையைப் பயன்படுத்த வேண்டும், அல்லது பிரதியைப் பேரேட்டில், அதாவது ஸ்டார்ட்அப் கொன்பிக்கில் கொப்பி செய்து பெட்டியை மீள எழுப்ப வேண்டும். பேரேட்டில் கொப்பி செய்யும்போது பழையது முற்றாக நீங்கிப் புதியது வரும்.

இந்த இரண்டாவது வழியில் ஒரு குழி இருக்கிறது. 'ரீலோட்' என்று எழுதியதும், "ஒழுங்கு மாற்றப்பட்டுள்ளது, பதியவா?" என்று பெட்டி கேட்கலாம். பழக்கதோஷத்தில் 'யெஸ்' என்று சொன்னால், இப்போதுதான் பக்குவமாகப் போட்ட நல்ல பேரேட்டின் மேல் ஓடிக் கொண்டிருக்கும் பிழையான சிட்டை எழுதப்பட்டு விடும். இங்கே மட்டும் பதில் 'நோ'.

வேறு மொடல் சுவிட்ச் வாங்கியிருந்தால் இன்னொரு வேலை இருக்கிறது. பழைய பெட்டியில் துவாரங்களின் பெயர் 'பாஸ்ட் ஈதர்நெட் 0/1' என்று இருந்திருக்கும். புதிய பெட்டியில் 'கிகாபிட் ஈதர்நெட் 1/0/1' என்று இருக்கும். பெயர் பொருந்தாத வரிகளைப் பெட்டி ஏற்காது. நோட்பேடில் பெயர்களை மாற்றி விட்டுப் போட வேண்டும். அதேபோல, தூரத்திலிருந்து பாதுகாப்பாக உள்நுழைவதற்கான சாவி பிரதிக்குள் வராது. புதிய பெட்டியில் அதைப் புதிதாக உருவாக்க வேண்டும்.

ஐ.ஓ.எஸ். மென்பொருளையும் அதன் மூலப் பெயரோடு ஒரு பிரதி எடுத்து வைப்பது நல்லது. புதிய பதிப்பைப் போடும்போது, பழையதை அழித்து இடம் செய்யவா என்று சில கருவிகள் கேட்கும். இடம் போதுமாக இருந்தால் அழிக்க விட வேண்டாம். அழித்த பின்னர் பாதி வழியில் மின்சாரம் போனால் பெட்டி எழும்ப மென்பொருளே இருக்காது. அப்போது கொன்சோல் வயரின் ஊடாக 9600 வேகத்தில் அனுப்புவதே பல பழைய சுவிட்சுகளில் எஞ்சியிருக்கும் வழி. கணக்குப் பார்த்தால் செக்கனுக்கு 960 பைட். 10 மெகாபைட் கோப்புக்குக் கிட்டத்தட்ட மூன்று மணித்தியாலம் பிடிக்கும். கோப்பு முழுமையாக வந்ததா என்று 'வெரிபை' கட்டளையால் எம்.டி.5 எண்ணைப் பெற்று, நிறுவனம் தந்த எண்ணோடு ஒப்பிட்ட பிறகே மீள எழுப்ப வேண்டும்.

பிரதியைத் திருடுபவர்களும் இருக்கிறார்கள்

இவ்வளவு சிறிய கோப்பை யார் திருடப் போகிறார்கள் என்று எண்ண வேண்டாம். 2018 மார்ச் 28 ஆம் திகதி சிஸ்கோ நிறுவனம் தனது சுவிட்சுகளில் உள்ள 'ஸ்மார்ட் இன்ஸ்டோல்' என்ற வசதியில் ஒரு ஓட்டை இருப்பதாக அறிவித்து, அதற்கான திருத்தத்தையும் வெளியிட்டது. அடுத்த வாரமே, ஏப்ரல் 6 ஆம் திகதி, அந்த வசதி திறந்திருந்த சுவிட்சுகள் பல நாடுகளில் தாக்கப்பட்டன. அவற்றின் ஒழுங்குக் கோப்புகள் அழிக்கப்பட்டு, அமெரிக்கக் கொடியின் உருவமும் தேர்தலில் தலையிட வேண்டாம் என்ற எச்சரிக்கையும் எழுதப்பட்டிருந்தன. உலகெங்கும் சுமார் 2 இலட்சம் கருவிகளும் தமது நாட்டில் சுமார் 3,500 கருவிகளும் பாதிக்கப்பட்டதாக ஈரானின் தகவல் தொழில்நுட்ப அமைச்சு தெரிவித்தது.

அது பழைய கதை என்று விட்டு விடவும் முடியாது. அதே ஓட்டையின் வழியாக ஆயிரக்கணக்கான கருவிகளின் ஒழுங்குக் கோப்புகள் பிரதி எடுக்கப்பட்டிருப்பதாக 2025 ஆகஸ்ட் 20 ஆம் திகதி அமெரிக்காவின் எப்.பி.ஐ. எச்சரித்தது. ஏழு வருடத்துக்குப் பின்னரும் திருத்தம் செய்யப்படாத பெட்டிகள் அத்தனை இருந்திருக்கின்றன. பழைய சிஸ்கோ சுவிட்ச் வைத்திருப்பவர்கள் தமது தொழில்நுட்பவியலாளரிடம் 'நோ விஸ்டெக்' என்ற கட்டளையைப் போட்டு அந்த வசதியை மூடச் சொல்லுங்கள். சிறிய கடைக்கு அது எந்த வகையிலும் பயன்படுவதில்லை.

கோப்பில் ஏன் இவ்வளவு ஆசை? அதற்குள் கடவுச்சொற்கள் இருக்கின்றன. 'டைப் 7' என்ற முறையில் எழுதப்பட்ட கடவுச்சொல் பார்ப்பதற்கு மறைத்தது போலத் தெரிந்தாலும், அதை ஒரு செக்கனில் திருப்பி வாசிக்கும் செய்நிரல்கள் எங்கும் கிடைக்கின்றன. 'எனேபிள் பாஸ்வேர்ட்' என்பதற்குப் பதிலாக 'எனேபிள் சீக்ரட்' பயன்படுத்தப்பட வேண்டும். இருந்தாலும் பிரதியைக் கடைச் சாவி போலவே கருதுங்கள். வட்ஸ்அப் குழுவில் போடுவதும், எல்லோரும் திறக்கும் பில் கணனியின் முகப்பில் வைப்பதும் கூடாது. ஒரு பென் டிரைவில் போட்டு வீட்டு அலுமாரியில் ஒன்று, கணக்காளரிடம் ஒன்று என்று வைக்கலாம்.

முதலாளியின் கையில் பிரதி இருப்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. இதை நாம் அதிகம் வலியுறுத்துகிறோம். சிறிய வியாபாரங்களில் சுவிட்சின் கடவுச்சொல் ஒரேயொரு பையனின் தலைக்குள் மட்டும் இருப்பது சாதாரண விடயம். அவன் வெளிநாடு போய்விட்டால், அல்லது கொடுக்கல் வாங்கலில் மனக்கசப்பு ஏற்பட்டால், முதலாளி தன் கடைக்குள்ளேயே விருந்தாளியாகி விடுகிறார். அப்படியான நிலையில் கூட பெட்டியை எறிய வேண்டியதில்லை. கட்டலிஸ்ட் 2960 இல் முன்பக்கத்தில் உள்ள 'மோட்' பொத்தானை அழுத்திப் பிடித்துக் கொண்டு மின்சாரத்தைக் கொடுத்தால், பெட்டி பேரேட்டை வாசிக்காமல் நிற்கும். அங்கே கொன்பிக்.டெக்ஸ்ட் கோப்பின் பெயரை மாற்றி விட்டு எழுப்பினால் கடவுச்சொல் கேட்காது. பின்னர் பெயரைத் திருப்பி, ஒழுங்கை ஏற்றி, புதிய கடவுச்சொல்லை வைத்துப் பேரேட்டில் பதியலாம். இந்த வசதியை யாராவது முன்கூட்டியே மூடி வைத்திருந்தால் மட்டும் ஒழுங்கு தப்பாது. ஆனால் கவனம்: பெட்டி ஓடிக் கொண்டிருக்கும்போது அதே பொத்தானைச் சுமார் 10 செக்கன் அழுத்திப் பிடித்தால் ஒழுங்கு முழுவதும் அழிந்து பெட்டி புதிதாக எழும்பக் கூடும். ஆகவே இதைத் தெரிந்தவரைக் கொண்டே செய்விக்க வேண்டும். அலுமாரியில்லாமல் மாடிப் படிக்குக் கீழே திறந்தபடி தொங்கும் சுவிட்சுகளைப் பற்றியும் இதிலிருந்து யோசித்துப் பார்க்கலாம்.

பழைய பெட்டியை விற்கும்போதும் வாங்கும்போதும்

பாவித்த சுவிட்சை விற்பவர்கள் அதன் பேரேட்டோடு சேர்த்தே விற்று விடுகின்றனர். கடையின் கடவுச்சொல்லும் உள் முகவரிகளும் அதோடு போகின்றன. விற்பதற்கு முன்னர் 'இரேஸ் ஸ்டார்ட்அப்-கொன்பிக்' என்று பேரேட்டையும், 'டிலீட் பிளாஷ்:வீலேன்.டட்' என்று அறைப் பட்டியலையும் அழிக்க வேண்டும். முதலாவதை மட்டும் செய்தால் இரண்டாவது உள்ளே தங்கி விடும்.

பாவித்த சுவிட்சை வாங்குபவர்களுக்கும் இதே இரண்டு கட்டளைகள்தான். சிஸ்கோ சுவிட்சுகள் தமது அறைப் பட்டியலை ஒன்றுக்கொன்று பரிமாறிக் கொள்ளும் வழக்கம் உடையவை. ஒரே குழுப் பெயரில் உள்ள இரண்டு பெட்டிகளில் எதன் திருத்த இலக்கம் கூடியதோ அதன் பட்டியலை மற்றது அப்படியே ஏற்றுக் கொள்ளும். வாங்கிய பெட்டியின் குழுப் பெயர் தற்செயலாக உங்களுடையதோடு ஒத்துப் போய், அதன் இலக்கமும் கூடியதாக இருந்தால், குத்திய சில செக்கன்களில் உங்கள் கடையின் அறைகள் மறைந்து விடும். ஆகவே பாவித்த பெட்டியை முதலில் தனியாக ஒரு மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்து, இரண்டு கோப்புகளையும் அழித்து, ஒரு தடவை மீள எழுப்பிப் பார்த்த பின்னரே கடையின் வயர்களைக் குத்த வேண்டும்.